நூலகத்தில் புது ஒலிநூல் எடுக்கும்முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பொது நூலக அட்டை வைத்திருக்கும் தமிழர்களுக்கான பக்கம் இது. அங்குள்ள நூலகங்கள் பெரும்பாலும் லிப்பி, ஹூப்ளா என்ற இரண்டு செயலிகள் வழியாக ஒலிநூல்களை இரவல் தருகின்றன. (லிப்பி என்பது செயலியின் பெயர், எழுத்தைக் குறிக்கும் லிபியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒலிநூல் எடுத்து ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் ஏமாறுகிறார்கள்: குரல் ஒத்துவரவில்லை, தவணைக்குள் முடிக்க முடியவில்லை, முன்பதிவு வரிசை நகரவில்லை. கீழே வரும் கேள்விகளில் பல இந்த மூன்றைச் சுற்றித்தான்.

லிப்பி, ஹூப்ளா இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதலில் எதில் தேடுவது?

லிப்பி, ஓவர்டிரைவ் நிறுவனத்தின் செயலி, 2017இல் வந்தது. அதே நிறுவனத்தின் பழைய செயலி 2023 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதைத் தேடி அலைய வேண்டாம். லிப்பியில் பெரும்பாலான நூல்களுக்கு நூலகம் பிரதிக் கணக்கில் உரிமம் வாங்குகிறது. மூன்று பிரதி வாங்கினால் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் கேட்கலாம். நான்காவது ஆள் வரிசையில் நிற்க வேண்டும். கேட்பதற்குக் கோப்புதானே, ஏன் வரிசை என்று கோபப்பட்டுப் பயனில்லை. பதிப்பகங்கள் விற்கும் முறை அப்படி.

ஹூப்ளாவில் பெரும்பாலும் வரிசை கிடையாது. இருக்கிற நூலை அந்த நொடியே எடுக்கலாம். நூலகம் ஒவ்வோர் இரவலுக்கும் தனியாகப் பணம் கட்டுகிறது. அதனால் உங்களுக்கு மாதத்துக்கு இத்தனை இரவல் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். எண்ணிக்கையை அந்தந்த நூலகம் முடிவு செய்யும். மாதத்தின் முதல் நாள் கணக்குப் புதிதாகத் தொடங்கும். சில நூலகங்களில் ஒரு நாளைக்கான மொத்தச் செலவுக்கும் வரம்பு உண்டு. மாலையில் “இன்றைய வரம்பு முடிந்தது” என்று வந்தால், மறுநாள் காலையில் முயன்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. லிப்பியில் பிடிக்காத நூலை உடனே திருப்பினால் உங்கள் இரவல் இடம் காலியாகும், வரிசையில் நிற்கிறவருக்கும் நூல் போய்ச்சேரும். ஹூப்ளாவில் ஐந்து நிமிடத்தில் திருப்பினாலும் அந்த மாதக் கணக்கில் ஒன்று போனது போனதுதான். ஆகவே சோதித்துப் பார்க்கும் வேலையை லிப்பியில் செய்யுங்கள். ஹூப்ளாவை உறுதியாகக் கேட்கப்போகும் நூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

“புதியவை” என்று வரிசைப்படுத்தினால் பத்து வருடப் பழைய நூல்கள் வருகின்றனவே?

நூலகம் புதிதாகச் சேர்த்தது வேறு, புதிதாக வெளியானது வேறு. 2012இல் வந்த நூலுக்கு நேற்று உரிமம் வாங்கியிருந்தால் அது “புதிதாகச் சேர்த்தவை” பட்டியலின் தலையில் நிற்கும். உண்மையிலேயே புது வெளியீடு வேண்டுமென்றால் வெளியீட்டுத் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: அங்கே காட்டுவது ஒலிப்பதிப்பின் தேதி. அச்சில் எப்போதோ வந்த நூல் இந்த ஆண்டுதான் ஒலிநூலாகியிருந்தால், அதுவும் புதுசு போலவே தெரியும்.

அமெரிக்காவில் புது நூல்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் வெளியாகும். நூலகங்கள் பல வாரங்களுக்கு முன்பே உரிமம் வாங்கிப் பட்டியலில் ஏற்றிவிடும். வெளியாகாத நூலுக்கும் லிப்பியில் முன்பதிவு செய்யலாம். பரபரப்பான நூலென்றால் வெளியாகும் நாளில் வரிசையில் நாற்பதாவது ஆளாக நிற்பதற்கும், ஒரு மாதம் முன்பே நான்காவது ஆளாக நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குரல் நமக்கு ஒத்துவருமா என்று எடுக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

லிப்பியில் ஒவ்வோர் ஒலிநூலின் பக்கத்திலும் “ப்ளே சாம்பிள்” பொத்தான் இருக்கும். சில நிமிட மாதிரி வரும். பெரும்பாலானோர் முப்பது நொடி கேட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்த முப்பது நொடியில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கொஞ்சம் இசை, இவ்வளவுதான் ஓடியிருக்கும். முழு மாதிரியையும் கேளுங்கள். கேட்கும்போது கவனிக்க வேண்டியவை இவை.

வழக்கமாக எங்கே கேட்பீர்களோ அங்கேயே மாதிரியையும் கேளுங்கள். வீட்டில் காதுக்கருவியில் இனிமையாக இருக்கும் தணிந்த குரல், நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு நடுவே முணுமுணுப்பாகிவிடும். வரியின் தொடக்கத்தில் உரத்துச் சொல்லி முடிவில் குரலை இறக்கிவிடுகிற வாசிப்பாளர்கள் காருக்கு ஆகவே ஆகாது. ஒலியைக் கூட்டிக் குறைப்பதிலேயே பயணம் போய்விடும்.

உங்கள் வேகத்தில் கேளுங்கள். லிப்பியில் 0.6 மடங்கிலிருந்து 3 மடங்கு வரை வேகத்தை மாற்றலாம். வழக்கமாக 1.25 மடங்கில் கேட்பவர் மாதிரியையும் அதே வேகத்தில் கேட்க வேண்டும். நிறுத்தி நிதானமாக வாசிப்பவர்களின் குரல் 1.5 வரை தாங்கும். இயல்பிலேயே படபடவென்று வாசிப்பவர் 1.25லேயே மூச்சுத்திணறுவது போலிருப்பார்.

உரையாடல் வரும் இடத்தைத் தேடுங்கள். ஒரே வாசிப்பாளர் ஆண், பெண், குழந்தை, கிழவர் எல்லோருக்கும் குரல் கொடுக்கும்போது அது வேற்றுமை காட்டுகிறதா, கேலிக்கூத்தாகிறதா என்பது அங்கேதான் தெரியும். ஆங்கிலம் உங்களுக்கு இரண்டாம் மொழி என்றால் உச்சரிப்பையும் பாருங்கள். ஸ்காட்லாந்து உச்சரிப்பிலோ அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பிலோ முழு நாவலையும் கேட்க முதல் ஒரு மணி நேரம் பழக வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இருந்தால் எடுங்கள். தெற்காசியப் பின்னணி கொண்ட கதைகளில் இன்னொரு சோதனை இருக்கிறது: ஊர்ப்பெயர், ஆள்பெயர், உறவுமுறைச் சொற்கள். “அம்மா”வையும் “தம்பி”யையும் வாசிப்பாளர் தடுமாறிச் சொன்னால் பத்து மணி நேரமும் அது காதில் குத்திக்கொண்டேயிருக்கும்.

ஆசிரியரே வாசித்த நூல் என்றால் நன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். தன்வரலாற்றுக்கும் நகைச்சுவைக் கட்டுரைக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். நாவலுக்குத் தேர்ந்த வாசிப்பாளரே மேல்.

பழைய இலக்கியங்களுக்கு ஒரே நூலுக்கு ஐந்தாறு ஒலிப்பதிவுகள் இருக்கும். தேடலில் முதலில் வந்ததை எடுக்காமல் மூன்று மாதிரிகளையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்த வாசிப்பாளர் கிடைத்துவிட்டால் அவர் பெயரைத் தொடுங்கள். அவர் வாசித்த மற்ற நூல்கள் வரும். எழுத்தாளரைப் பின்தொடர்வதைவிட இது பல நேரங்களில் நல்ல வழி.

14 நாள் தவணைக்குள் முடிப்பேனா என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரு நாளைக்கு உண்மையாக எத்தனை நிமிடம் கேட்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். போகவர 40 நிமிடப் பயணம் என்று வைத்துக்கொண்டால், வார இறுதியிலும் அதே அளவு கேட்டாலும் 14 நாளில் 560 நிமிடம், அதாவது 9 மணி 20 நிமிடம். 12 மணி நேர நூல் இயல்பான வேகத்தில் முடியாது. 1.25 மடங்கில் அது 9 மணி 36 நிமிடமாகும். கடைசி அத்தியாயத்தில் தொங்கலில் நிற்பீர்கள். 1.5 மடங்கில் 8 மணி, தாராளம். 21 நாள் தவணை என்றால் வேகத்தைக் கூட்டவே தேவையில்லை, 14 மணி நேரம் கிடைக்கிறது.

பல நூலகங்களில் எடுக்கும்போதே 7, 14, 21 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். இரவல் பொத்தானுக்கு அருகில் தவணை நாளின் எண்ணிக்கை தெரியும். அதைத் தொட்டால் மாறும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

அச்சு நூலின் பக்கத்தை வைத்து மதிப்பிட வேண்டுமானால், ஆங்கிலத்தில் மணிக்கு 9,300 சொல் என்பது ஒலிநூல் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. 90,000 சொல் நாவல் 10 மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். 30 மணி நேரத்தைத் தொடும் கனத்த மாயாஜால நாவல்களை 21 நாளில் முடிக்க தினமும் 86 நிமிடம் வேண்டும். வரிசை இல்லாத நூலென்றால் புதுப்பித்துக்கொள்ளலாம். வரிசை இருந்தால் பாதியில் நின்று மறுபடி காத்திருக்க நேரும்.

பாதியில் தவணை முடிந்துவிட்டால்?

நூல் தானாகத் திரும்பிவிடும், அபராதம் இல்லை. தவணைக்கு மூன்று நாள் முன்பு புதுப்பிக்கும் வாய்ப்பு தோன்றும். வேறு யாராவது காத்திருந்தால் புதுப்பிக்க முடியாது, மறுபடி முன்பதிவுதான். அன்றே முன்பதிவு போட்டுவிடுங்கள். நூல் திரும்பக் கிடைக்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். குறித்துவைத்த இடங்களும் இருக்கும்.

“பத்து வாரம் காத்திருக்க வேண்டும்” என்று காட்டுகிறது. நம்பலாமா?

முன்பதிவு விவரத்தைத் தொட்டால் எத்தனை பிரதி, மொத்தம் எத்தனை பேர், ஒரு பிரதிக்கு எத்தனை பேர் என்று காட்டும். நாமே கணக்குப் போடலாம். 8 பிரதிக்கு 40 பேர் என்றால் பிரதிக்கு 5 பேர். ஒவ்வொருவரும் 14 நாள் முழுவதும் வைத்திருந்தால் 10 வாரம். சிலர் சீக்கிரம் திருப்பிவிடுவார்கள், சிலர் தங்கள் முறையை விட்டுவிடுவார்கள். வரிசை நீளமாக இருந்தால் நூலகமே கூடுதல் பிரதி வாங்குவதும் உண்டு. ஆகவே காட்டுகிற காலத்துக்கு முன்பே வந்துவிடுவது வழக்கம்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண், பிரதிக்கு எத்தனை பேர் என்பதுதான். 200 பேர் வரிசை, 60 பிரதி என்றால் அது மூன்று நான்கு பேர் வரிசைதான். 9 பேர் மட்டுமே, ஆனால் ஒரே பிரதி என்றால் நாலு மாதம்.

சில நூலகங்கள் பரபரப்பான நூல்களின் சில பிரதிகளை முன்பதிவுக்குக் கொடுக்காமல், கண்ணில் பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கும். லிப்பியில் இது “ஸ்கிப் த லைன்” என்று தெரியும். தவணை பெரும்பாலும் குறைவாக இருக்கும், புதுப்பிக்கவும் முடியாது. நூலின் நீளத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள். 18 மணி நேர நூலை 7 நாளுக்கு எடுத்துப் பயனில்லை.

ஐந்து நூல்கள் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன. என்ன செய்வது?

முன்பதிவு போட்டவர்கள் அனைவருக்கும் வரும் தலைவலி இது. நூல் தயாரானதும் மூன்று நாள் அவகாசம் இருக்கிறது. இப்போது வேண்டாமென்றால் “டெலிவர் லேட்டர்” கொடுத்து எத்தனை நாள் கழித்து வேண்டும் என்று சொல்லுங்கள். நூல் அடுத்தவருக்குப் போகும். வரிசையில் உங்கள் இடம் போகாது. பேசாமல் விட்டுவிட்டால், முதல் முறை லிப்பியே ஏழு நாள் ஒத்திவைக்கும். இரண்டாம் முறையும் விட்டால் முன்பதிவு ரத்து. மாதக்கணக்கில் காத்திருந்து இப்படிக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம்; அறிவிப்பை முடக்கி வைத்திருப்பதுதான் காரணம்.

இன்னும் தயாராகாத முன்பதிவையும் முன்கூட்டியே ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்திருக்கும்போதும் வரிசையில் முன்னேறிக்கொண்டேயிருப்பீர்கள். ஆகவே கண்டதையெல்லாம் முன்பதிவு செய்து, மூன்றை ஒத்திவைத்து, இரண்டை மட்டும் ஓடவிடுவது நல்ல வழக்கம்.

தேடும் நூல் நூலகத்தில் இல்லவே இல்லை. கேட்டு வாங்க முடியுமா?

லிப்பியில் தேடலை நூலகத்தில் இல்லாதவற்றையும் காட்டும்படி விரித்தால், நூலின் பக்கத்தில் “நோட்டிஃபை மீ” வரும். அதைக் கொடுத்தால் நூலகம் வாங்கும்போது செய்தி வரும். உங்களைப்போல் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதும் நூலகத்துக்குத் தெரியும். பல நூலகங்களின் இணையதளத்தில் தனியாக “வாங்கப் பரிந்துரை” படிவம் இருக்கிறது. ஒலிநூல் வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அச்சு நூல் வந்து நிற்கும்.

அமேசானின் ஒலிநூல் நிறுவனமான ஆடிபிள் தனக்கென்று தயாரித்து தன்னிடம் மட்டுமே வைத்திருக்கும் நூலென்றால் பரிந்துரைத்துப் பெரும்பாலும் பயனில்லை. லிப்பியில் அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. பதிப்பகத்தின் பெயர் வரியில் ஆடிபிள் என்று பார்த்ததும் ஆசையை விட்டுவிட்டு அச்சு நூலுக்கோ மின்னூலுக்கோ மாறிக்கொள்ளலாம்.

போன வருடம் இருந்த நூல் இப்போது காணோமே?

உரிமம் காலாவதியாகியிருக்கும். எல்லா உரிமமும் நிரந்தரமில்லை. சில இரண்டு ஆண்டுக்கு, சில இத்தனை இரவலுக்கு. உதாரணமாக ஹாஷெட் பதிப்பகம் 2019 ஜூலையிலிருந்து மின்னூலையும் ஒலிநூலையும் இரண்டாண்டு உரிமத்தில்தான் நூலகங்களுக்குத் தருகிறது. இரண்டாண்டு முடிந்ததும் நூலகம் மறுபடி பணம் கட்ட வேண்டும். கேட்பார் குறைந்துபோன நூலுக்கு யார் கட்டுவார்கள்? அதே 2019இல் பிளாக்ஸ்டோன் என்ற ஒலிநூல் பதிப்பகம் தன் புது ஒலிநூல்கள் சிலவற்றை 90 நாள் கழித்துத்தான் நூலகங்களுக்குத் தருவோம் என்று அறிவித்து, நூலகர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. புது நூல் கடையில் கிடைத்தும் நூலகத்தில் கிடைக்காமல் போவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஏதாவது இருக்கும். உங்கள் நூலகரின் சோம்பேறித்தனம் காரணமல்ல.

ஏமாந்து எடுத்துவிடக் கூடிய நூல்கள் உண்டா?

உண்டு. அதிலும் ஹூப்ளாவில் ஒவ்வோர் இரவலும் கணக்கில் சேர்வதால் பார்த்து எடுக்க வேண்டும்.

பிரபலமான நூலின் பெயரையே பெரிதாகப் போட்டு, முன்னால் “சுருக்கம்” என்று சின்னதாகச் சேர்த்திருக்கும் கையேடுகள் முதல் வகை. ஆசிரியர் பெயர் வேறாக இருக்கும், நீளம் ஒரு மணி நேரத்தை ஒட்டியிருக்கும். பெயர் தெரிந்த நாவல் 55 நிமிடம் என்று காட்டினால் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பாதி நூல். பல நடிகர்கள், இசை, வாள்வீச்சுச் சத்தம் எல்லாம் சேர்த்து நாடகமாக்கிய பதிப்புகளை இரண்டு மூன்று பாகமாகப் பிரித்து விற்பார்கள். ஒவ்வொரு பாகமும் தனி இரவல். நாடகப் பதிப்பில் மூலநூலின் வருணனை வெட்டப்பட்டிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். முழு நூல் வேண்டுமென்றால் “அனப்ரிட்ஜ்ட்” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கணினிக் குரல். வாசிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “டிஜிட்டல் வாய்ஸ்” என்று தொடங்கினால் மனிதர் வாசிக்கவில்லை. தகவல் நூலுக்குச் சமாளிக்கலாம். கதைக்கு, குறிப்பாக உரையாடலுக்கு, சலிப்பூட்டும்.

இவை தவிர, படமும் அட்டவணையும் நிறைந்த நூல்கள். சமையல், முதலீடு, உடற்பயிற்சி இவற்றை ஒலியாக எடுத்தால் “கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்” என்று குரல் சொல்லும்போது விழிக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு அச்சு நூலையும் சேர்த்து எடுங்கள்.

நல்ல ஒலிநூல்களை யாராவது பொறுக்கித் தருகிறார்களா?

ஒலிக்காகவே பார்க்கும் பட்டியல்களை நம்புங்கள். நூல் விற்பனைப் பட்டியல்கள் குரலைப் பற்றி எதுவும் சொல்லாது. அமெரிக்க ஒலிநூல் பதிப்பாளர் சங்கம் 1996 முதல் “ஆடி” (Audie) விருதுகளைத் தருகிறது; வகைவாரியாகப் பிரித்திருப்பதால் துப்பறியும் கதை மட்டும், நகைச்சுவை மட்டும் என்று பார்க்கலாம். ஆடியோஃபைல் என்ற இதழ் 1992 முதல் ஒலிநூல் மதிப்புரைகளுக்கென்றே வருகிறது. அதன் “இயர்போன்ஸ்” விருது பெற்றவற்றில் குரல் சொதப்புவது அபூர்வம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவு ஆண்டுதோறும் பெரியவர்களுக்கான சிறந்த ஒலிநூல்களை “லிசன் லிஸ்ட்” என்று வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் அதே சங்கம் 2008 முதல் ஒடிசி விருது தருகிறது.

இப்பட்டியல்களின் நடப்பாண்டு நூல்களுக்கு வரிசை நீளும். மூன்று நான்கு ஆண்டு பின்னால் போய்ப் பாருங்கள். தரம் அதேதான், வரிசை இருக்காது.

தமிழ் ஒலிநூல்கள் கிடைக்குமா?

லிப்பியில் தேடலை வடிகட்டும் இடத்தில் மொழி என்ற பிரிவு உண்டு. அதில் தமிழ் இருந்தால் உங்கள் நூலகம் ஏதோ ஒன்றையாவது வாங்கியிருக்கிறது என்று பொருள். அதைத் தேர்ந்தெடுத்து, வடிவத்தில் ஒலிநூலைக் குறித்தால் முழுப் பட்டியலும் வந்துவிடும். தலைப்பைத் தட்டித் தேடுவதைவிட இதுவே சுலபம். தமிழ் நூல்களின் விவரங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றப்பட்டிருக்கும். “ழ”வை ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். பெயரால் தேடியே தீர வேண்டுமென்றால் ஆசிரியர் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டில் முயலுங்கள்.

தமிழ்ப் பட்டியல் சிறியதாக இருந்தால் மேலே சொன்ன பரிந்துரைப் படிவத்தைப் பயன்படுத்துங்கள். பொத்தாம்பொதுவாகத் தமிழ் நூல் வேண்டும் என்று எழுதுவதைவிட, ஓவர்டிரைவ் பட்டியலில் இருக்கிற ஐந்து குறிப்பிட்ட ஒலிநூல்களின் பெயரைக் கொடுத்தால் வேலை நடக்கும். மொழி தெரியாத நூலகருக்கு எதை வாங்குவது என்று முடிவெடுப்பதுதான் சிரமம். அந்தச் சிரமத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு என் அட்டையில் போட்டுக் கொடுக்கலாமா?

தொழில்நுட்ப ரீதியாக முடியும். ஒரே அட்டையை இரண்டு கருவிகளில் சேர்க்கலாம். அவர் தொலைபேசியில் லிப்பியை நிறுவி அட்டை எண்ணைச் சேர்த்தால் உங்கள் இரவல்கள் அங்கும் தெரியும். உங்கள் செயலியின் அமைப்பைக் குறியீடு வழியாக அப்படியே நகலெடுக்க வேண்டாம். நகலெடுத்தால் இருவரும் கேட்ட இடம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவர் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்க, நீங்கள் கேட்டதால் பதினொன்றாம் அத்தியாயத்தில் திறக்கும்.

இரவல் வரம்பு இருவருக்கும் பொது என்பதால், அவர் நீண்டகாலம் தங்குவதாக இருந்தால் தனி அட்டைக்குக் கேட்டுப் பாருங்கள். முகவரிச் சான்றுதான் முக்கியம். எதை ஏற்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இரண்டு மூன்று நூலகங்களின் அட்டை வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. லிப்பியில் எத்தனை அட்டையையும் சேர்த்து, ஒரே நூலுக்கு எங்கே வரிசை குறைவு என்று ஒப்பிடலாம். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ உள்ளிட்ட பல நூலகங்கள் மாநிலத்தில் எங்கே வசித்தாலும் அட்டை தருகின்றன. நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவருக்கு புரூக்ளின், குயின்ஸ், நியூயார்க் நகர நூலகங்கள் மூன்றும் தரும். பென்சில்வேனியாவில் ஃபிலடெல்ஃபியா நூலகம். டொராண்டோவில் குடியிருக்காவிட்டாலும் அங்கே வேலை பார்த்தாலோ படித்தாலோ இலவச அட்டை உண்டு. வீட்டில் 13 முதல் 21 வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், புரூக்ளின் நூலகம் 2022இல் தொடங்கிய “புக்ஸ் அன்பேன்ட்” திட்டத்தில் அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் மின்அட்டை கேட்கலாம்.

செயலியெல்லாம் வேண்டாம்; குறுந்தகடு இன்னும் கிடைக்கிறதா?

பல கிளைகளில் கிடைக்கிறது, அலமாரி சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு தட்டில் 75 நிமிடம்போல் அடங்குவதால் 10 மணி நேர நூலுக்கு எட்டுத் தட்டு. எடுக்கும்போதே எல்லாத் தட்டும் பெட்டியில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஆறாவது தட்டைக் காணோம் என்பது வீட்டுக்கு வந்து ஆறு மணி நேரம் கேட்ட பிறகுதான் தெரியவரும். எம்பி3 தட்டு என்றால் ஒன்றிரண்டிலேயே முழு நூலும் வந்துவிடும், ஆனால் பழைய கார்களின் கருவி அதைப் படிக்காது. கீறலில் தடுக்கினால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் பாதையோடு ஓடி நிலைமை மோசமாகும்.

ப்ளேஅவே என்ற உள்ளங்கை அளவுக் கருவியும் சில நூலகங்களில் உண்டு. நூல் உள்ளேயே பதிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் போதும் என்பதால் வயதானவர்களுக்கு நல்லது. காதுக்கருவியை நாம்தான் கொண்டுபோக வேண்டும், பழைய வகைக்கு ஒரு ஏஏஏ பேட்டரியும்.

பார்வை குறைந்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறதா?

அமெரிக்காவில் நாடாளுமன்ற நூலகத்தின் கீழ் பார்வையற்றோருக்கும் அச்சு வாசிக்க இயலாதோருக்குமான தேசிய நூலகச் சேவை 1931 முதல் இயங்குகிறது. பார்வைக் குறைவு மட்டுமல்ல, நூலைக் கையில் பிடிக்க முடியாத நடுக்கம், வாசிப்புக் குறைபாடு இருப்பவர்களும் சேரலாம், சான்றொப்பம் வேண்டும். பேசும் கருவியையும் நூல்களையும் தபாலில் செலவில்லாமல் அனுப்புவார்கள். “பார்ட்” என்ற செயலியில் இறக்கியும் கேட்கலாம். பொது நூலக வரிசைத் தொல்லை இங்கே கிடையாது. கனடாவில் இதுபோன்ற சேவைக்கு “சீலா” என்று பெயர். உள்ளூர் நூலகம் வழியாகவே சேரலாம்.

காரில் போகும்போது நடுவில் நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் நூல் முழுதாக இறங்கியிருக்காது. லிப்பி வழக்கமாக வைஃபையில் இருக்கும்போதுதான் இறக்கும். எடுத்த உடனே வண்டியில் ஏறிவிட்டால், இறங்கிய அளவு ஓடிவிட்டு சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும். கிளம்பும் முன் அலமாரிப் பக்கத்தில் பதிவிறக்கக் குறி முழுதாகியிருக்கிறதா என்று பாருங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் மணிக்கு 29 எம்பி ஆகும். 12 மணி நேர நூலுக்கு 350 எம்பி காலியாக இருக்க வேண்டும்.

முழுதாக இறங்கியும் நின்றால், ஆண்ட்ராய்டில் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பு பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றிருக்கும். லிப்பிக்கு மட்டும் அதை நீக்குங்கள். எப்போதும் ஒரே இடத்தில் திக்கினால் கோப்பு பழுது. நூலைத் திருப்ப வேண்டாம், பதிவிறக்கத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். தொலைபேசிச் செயலியைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் லிப்பி ஓடும். நூலைத் தேர்ந்தெடுத்து, வேகத்தையும் வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கிண்டிலில் கேட்க முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் லிப்பியிலிருந்து கிண்டிலுக்குப் போவது மின்னூல் மட்டும்தான்.